வந்தவனை வரவில்லை என்ற விமானம்

இப்போதெல்லாம் விமானம் கொஞ்சம் தாமதமானால் போதும், பயணி உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே கைபேசியில் புகார் தட்டிவிடுகிறார். சாப்பாடு எங்கே, தங்க அறை எங்கே, அடுத்த விமானம் எது, ஏற்றாத காரணத்தை எழுத்தில் கொடு என்று வரிசையாகக் கேட்கிறார். விமான நிறுவனத்தாரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார்கள். என்னிடம் ஜூனியராக இருந்த பெண் அப்படி ஒரு புகாரைக் காட்டிவிட்டு, "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் ஏது? தஞ்சாவூர்ல உக்காந்துகிட்டு வெளிநாட்டு விமானக் கம்பெனியை எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்டாள். "குத்தகை கேஸ் நடத்துன மாதிரியேதான்" என்றேன். அவள் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கேலி இல்லை, சத்தியம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் தமிழ்ச்செல்வி. அப்பா கட்சிக்காரர் என்பதற்குப் பெயரே சாட்சி. மகள் மேடையேறிப் பேசுவாள் என்று நம்பிச் சட்டம் படிக்கவைத்தார். நான் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது, எனக்கு இல்லை.

தஞ்சாவூரில் நான் சேர்ந்த இடம் வக்கீல் ராஜமாணிக்கத்தின் அலுவலகம். குத்தகைக்காரர்களுக்கு மட்டுமே வழக்காடுகிறவர். நிலம் யாருக்கு என்று டெல்டா முழுக்க அடிதடி நடந்த காலத்தின் வால்பகுதி அது. எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் மேடையில் உழுகிறவன் பக்கம்தான் பேசினார்கள். சட்டமும் உழுகிறவன் பக்கம் வந்திருந்தது. ஆனால் நெல் களஞ்சியச் சாவி மட்டும் இன்னும் மிராசுதார் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அந்தச் சாவிக்காகத்தான் எங்களுக்கு வேலை.

சீனியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனிதர் முன்கோபி. வழக்கோடு வருகிற கட்சிக்காரர் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்திவிடுவார். "முடிவை முதல்ல சொல்லுங்க. அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்பார். எந்த வழக்கானாலும் நிலத்தை நேரில் போய்ப் பார்க்காமல் மனு எழுத மாட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் விறுவிறுவென்று நடப்பார், பின்னால் நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். "எடத்தை மிதிக்காம மனு எழுதுறவன் வக்கீல் இல்லை செல்வி, கிளி ஜோசியக்காரன்" என்று சொல்வார். என்னுடைய பயிற்சிக் காலம் என்பது இவ்வளவுதான். மூன்று போகம் வரப்பில் நடந்தேன், வக்கீலாகிவிட்டேன்.

அந்த நாளில் மிராசுதார்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. அறுவடை முடிந்து குத்தகைக்காரர் நெல்லைக் கொண்டுபோனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாங்க மாட்டார்கள், ரசீதும் தர மாட்டார்கள். பிறகு கோர்ட்டுக்கு வந்து, 'குத்தகை பாக்கி வைத்துவிட்டான், வெளியேற்றுங்கள்' என்று மனுப் போடுவார்கள். கொண்டுபோனதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் குத்தகைக்காரர் வானத்தைப் பார்ப்பார்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் வீராச்சாமி என்றொரு குத்தகைக்காரர். அவருக்கும் இதே கதைதான். சீனியர் அவரை நிற்கவைத்துப் பாடம் சொன்ன மாதிரி சொன்னார்.

"தனியா போகாதே. ஊரைக் கூட்டிக்கிட்டுப் போ. நெல்லை வாசல்ல எறக்கு. வாங்கலைன்னா கத்து. உன் பேரைச் சொல்லு, என்ன கொண்டாந்திருக்கேன்னு சொல்லு, வாங்கிக்கிடச் சொல்லு. தெருவே கேக்கணும்."

"திட்டிக் கத்தலாமுங்களா?"

"திட்டக் கூடாது. திட்டுனா அது வேற கேஸு."

வீராச்சாமி அப்படியே செய்தார். மிராசுதார் வாசலில் மூட்டைகளை இறக்கிவிட்டு, "ஐயா, வீராச்சாமி வந்திருக்கேன்! குத்தகை நெல்லு கொண்டாந்திருக்கேன்! வாங்கிக்கிடுங்க!" என்று தொண்டை கிழியக் கூவினார். அந்தத் தெருவில் மிராசுதாரின் பங்காளியே இரண்டு பேர் இருந்தார்கள். கோர்ட்டில் கூண்டேறியபோது அவர்களாலேயே அதை மறுக்க முடியவில்லை. கொண்டுபோய் நின்றவன் கொடுத்தவனுக்குச் சமம், வாங்க மறுத்தது மறுத்தவர் குற்றம் என்று தீர்ப்பானது. கோர்ட் சொன்ன இடத்தில் நெல்லைக் கட்டினோம். நிலம் வீராச்சாமியிடமே நின்றது.

இதெல்லாம் முடிந்து வருடங்கள் ஓடின. நுகர்வோர் நீதிமன்றம் என்று ஒன்று வந்தது. சீனியருக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. "சோப்புல நுரை வரலைன்னு கேஸ் போடுற எடம்" என்று கிண்டலடிப்பார். நான் அங்கே போய்வரத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் காலையில் வீராச்சாமி மகனோடு வந்து நின்றார். இந்த முறை அவருக்குச் சீனியர் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முடிவை முதலில் சொன்னார்.

"பயலைப் பிளேன்ல ஏத்தலைங்க. ஏத்தாம விட்டதுமில்லாம அவன் வரவே இல்லைன்னு எழுதிட்டானுங்க."

மகன் முருகையன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் வந்திருந்தார். திரும்பிப் போக, தஞ்சாவூரிலேயே இருந்த விமான நிறுவனத்தின் கிளையில் டிக்கெட் எடுத்தார். இடம் உறுதி என்று டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. உரிய நேரத்துக்குத் திருச்சி விமான நிலையத்துக்குப் போய் கவுண்டரில் நின்றார். 'இடம் நிரம்பிவிட்டது, நாளைக்கு வா' என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, கடைசியில் யார் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று பார்த்துக் கழிப்பது அந்தத் தொழிலில் நடக்கிற காரியம். கைலியை மடித்துக் கட்டிய தந்தையோடு வந்த முருகையன் அவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறார். மறுநாள் போனால் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் போவதற்குள் அவருடைய விசா காலாவதியாகிவிட்டது.

அதுவாவது போகட்டும். அவர் வேலைபார்த்த கம்பெனி, 'எங்கள் ஆள் ஏன் வரவில்லை' என்று விமான நிறுவனத்தைக் கேட்டிருக்கிறது. 'பயணி விமான நிலையத்துக்கு வரவே இல்லை' என்று பதில் போய்விட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி, விடுப்பில் போய்த் திரும்பாதவர் என்று பெயரெழுதிவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனியும் அவரை அழைத்துக்கொள்ள முடியாது. முருகையனின் மேலாளர் நல்ல மனிதர். 'நீ வந்தாய், அவர்கள்தான் ஏற்றவில்லை என்று அவர்களிடமே எழுதி வாங்கி அனுப்பு, பெயரை நீக்கி விசா அனுப்புகிறேன்' என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.

"காசெல்லாம் வேணாங்க. நான் வந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, போதும்" என்றார் முருகையன்.

"காசு ஏன்டா வேணாம்? குடுத்தா வாங்கிக்குவோம்" என்றார் அப்பா.

சீனியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆகாசத்துக்கு ஏதுய்யா அடங்கலும் பட்டாவும்? இது எனக்குத் தெரியாத ஊரு. செல்வி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். விமானத்தில் நான் அதுவரை ஏறியதே இல்லை.

அந்த வாரம் முழுக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். படிக்கப் படிக்க பயம் போய் உற்சாகம் வந்தது. நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை, அதை நம் நாடும் சட்டமாக ஏற்றிருக்கிறது. பயணி என்பவன் கருணைக்குக் கையேந்துகிறவன் இல்லை என்பதுதான் அதன் சாரம். அதற்குள், நாங்கள் அனுப்பிய நோட்டீஸுக்கு விமான நிறுவனத்தின் சென்னை வக்கீலிடமிருந்து பதில் நோட்டீஸ் வந்தது. மூன்று வாதம். வழக்குப் போடுவதானால் எங்கள் தலைமையகம் இருக்கிற நாட்டில் போடு என்பது முதல் வாதம். யாரையும் ஏற்றாமல் விட எங்களுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறோமே என்பது அடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆள் அன்றைக்கு வரவே இல்லை.

முதல் இரண்டும் எனக்குப் பழைய நண்பர்கள். உடன்படிக்கைப்படி, டிக்கெட் கொடுத்த கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரிலும் வழக்குப் போடலாம். நெல்லை அளந்த களம் இங்கே இருக்க, கணக்குக்கு மட்டும் கடல் தாண்டி வா என்று எப்படிச் சொல்ல முடியும்? பொடி எழுத்தும் அப்படித்தான். 'எப்போது சொன்னாலும் நிலத்தை விட்டு இறங்குகிறேன்' என்று மிராசுதார்கள் குத்தகைச் சீட்டில் கைநாட்டு வாங்கிவைத்திருப்பார்கள். சட்டம் கொடுத்ததைச் சீட்டு பறிக்க முடியாது என்று எத்தனை முறை வாதாடியிருக்கிறோம்! விமானச் சட்டத்திலும் அதே கருத்து அப்படியே இருந்தது. நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன்.

மூன்றாவதுதான் தொண்டையில் முள். அவர்களுடைய கணினித் தாளில் 'வரவில்லை' என்று இருந்தது. எங்களிடம் முருகையனின் வாய் மட்டும் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனால் சீனியர் பையும் குடையுமாக வாசலில் நிற்கிறார். "வா, எடத்தை மிதிச்சுட்டு வருவோம்" என்றார். தெரியாத ஊர் என்று சொன்னவர்தான். வீராச்சாமியையும் வரச்சொல்லியிருந்தார். பஸ் பிடித்துத் திருச்சி போனோம். விமான நிலையத்தின் வழவழப்பான தரையைப் பார்த்ததும் மனிதர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காவலுக்கு நின்றவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நான் பார்க்காதது மாதிரி நின்றேன்.

அப்போதெல்லாம் வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கவுண்டர் நன்றாகத் தெரிந்தது. "நீ எங்க நின்னே?" என்று வீராச்சாமியைக் கேட்டார் சீனியர்.

"இதே எடந்தாங்க. நாங்க ஒரு வேன் ஆளு. பய கவுண்டர்ல நின்னுகிட்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்தான். மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஏத்த மாட்டேங்கிறானுங்கன்னு. உடனே கத்துனேன்."

"கத்துனீங்களா?" என்றேன் நான். "என்னன்னு?"

"முருகையன் வந்திருக்கான்! டிக்கெட்டு வச்சிருக்கான்! ஏத்திக்கிடுங்க! அப்படின்னு. வேன்ல வந்தவங்களும் சேந்து கத்துனாங்க. அந்தப் பிளேன் கம்பெனி மேனேஜரு ஓடியாந்து கையெடுத்துக் கும்பிட்டு எங்களை வெளியில அனுப்புனாரு."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"இதுல சொல்ல என்னங்க இருக்கு? வாங்க மறுத்தா ஊரு கேக்கக் கத்தணும்னு வக்கீலய்யாதானே சொல்லிக்குடுத்தாரு. திட்டலைங்க, ஒரு வார்த்தை திட்டலை."

சீனியர் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. வரப்பில் தொடங்கிய பாடம் கண்ணாடி மாளிகை வரைக்கும் நடந்து வந்திருந்தது.

வழக்குப் போட்டோம். நுகர்வோர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எழுத்து வாக்குமூலத்தோடு முடித்துக்கொள்வார்கள். நான் அந்த நிறுவனத்தின் திருச்சி விமான நிலைய மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டேன். தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, பொறுமைசாலி. அனுமதி கொடுத்தார்.

முதலில் வீராச்சாமி கூண்டேறினார். சென்னை வக்கீல் நல்ல வாட்டசாட்டமானவர், குரலும் கணீரென்று இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்துப் பழக்கம் அவருக்குத் தெரியவில்லை, அங்கேதான் சறுக்கினார்.

"ஒரே ஒருத்தரை வழியனுப்ப ஒரு வேன் ஆளுங்க வந்தாங்கன்னு சொல்றீங்க. நம்புற மாதிரியா இருக்கு?"

"வேன் சின்னதுங்க. இன்னும் பத்துப் பேரு வர்றேன்னாங்க, எடமில்லை."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரையாவது அனுப்ப அப்படி வேனில் போனவர்கள்தான். அக்கரைக்குப் போகிற பிள்ளையை ஊரே கூடி அனுப்பிவைக்காமல் தனியே விட்டால், அவன் கடனுக்குப் பயந்து ஓடுகிறான் என்று பேசுவார்கள். தலைவரும் குனிந்து எதையோ எழுதுவதுபோலப் பாவனை செய்தார், தோள் குலுங்கியது.

அவமானப்பட்ட சென்னை வக்கீல் வழியை மாற்றினார். இவர்கள் கலகக்காரர்கள், நிலத் தகராறில் ஊறியவர்கள், இவர்கள் பேச்சை நம்பக் கூடாது என்று காட்டப் பார்த்தார். மேலாளர் கூண்டேறியபோது அவரும் அதே சுருதியில் இருந்தார். நான் சீனியர் பாணியில் சின்னச் சின்னக் கேள்வியாகப் போட்டேன்.

"அன்னைக்குக் கண்ணாடிகிட்ட கூட்டம் இருந்துச்சா?"

"கூட்டமா? ஒரே கலாட்டா மேடம்."

"நீங்களே நேர்ல வந்து சமாதானம் பண்ணுனீங்களா?"

"நான் வரலைன்னா கண்ணாடியை உடைச்சிருப்பாங்க."

"கூண்டுல ஏறி சாட்சி சொன்னாரே ஒரு பெரியவர், அவரும் அதுல இருந்தாரா?"

"அந்தக் கூட்டத்துக்கே அவர்தான் தலைவர். துண்டைத் தலையில கட்டிக்கிட்டுக் கத்துறார். இன்னும் காதுல கேக்குது."

"அவ்வளவு ஞாபகம் இருக்கா? அப்படி என்ன கத்துனாரு?"

மனிதர் ஆத்திரத்தில் கையைத் தூக்கி நடித்தே காட்டினார். "முருகையன் வந்திருக்கான், டிக்கெட் வச்சிருக்கான், ஏத்திக்கிடுங்கன்னு மறுபடி மறுபடி..."

அங்கே நின்றுவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவர் கத்தும்போது கவுண்டர் மூடியாச்சா?" என்றேன்.

சென்னை வக்கீல் எழுந்தார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு மேலாளரிடம், "சொல்லுங்க" என்றார்.

"மூடலை" என்றார் மேலாளர்.

எனக்கு இன்னும் பத்துக் கேள்வி கேட்க வேண்டும்போல் நாக்கு அரித்தது. பின்னாலிருந்து சீனியர் என் கவுனைப் பிடித்து இழுத்தார். "போதும், உக்காரு. அறுத்த வயல்ல மறுபடி அருவா போடாதே" என்றார். உட்கார்ந்தேன்.

தீர்ப்பைத் தலைவர் வாசித்தபோது முருகையன் கைகட்டிக்கொண்டு நின்றார். பயணி உறுதியான டிக்கெட்டோடு உரிய நேரத்தில் வந்து நின்றிருக்கிறார், இருக்கைக்கு மேல் விற்றுவிட்டு ஏற்ற மறுத்தது நிறுவனம், வராதவர் என்று எழுதியது பொய். நட்ட ஈடு தர வேண்டும். திரும்பிப் போக டிக்கெட் தர வேண்டும். இந்தப் பயணி வந்தார், நாங்கள்தான் ஏற்றவில்லை என்று அவருடைய கம்பெனிக்கு நிறுவனம் தன் கையெழுத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். நிறுவனம் சென்னையில் மேல்முறையீடு செய்தது. அங்கேயும் தோற்றது. அவர்கள் எழுதிய கடிதத்தின் நகல் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று, சீனியர் அதை வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் தானே டீ வாங்கிக் கொடுத்தார், அதுவும் சரித்திரத்தில் முதல் தடவை.

விசா வந்தது. அதே நிறுவனத்தின் விமானத்தில்தான் மகன் போக வேண்டும் என்று வீராச்சாமி பிடிவாதம் பிடித்தார். இந்த முறை இரண்டு வேன். ஒன்றில் நானும் சீனியரும் நடுவில் நசுங்கிக்கொண்டு போனோம். கண்ணாடித் தடுப்பை மொய்த்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். கவுண்டர் பக்கம் அதே மேலாளர். எங்கள் கூட்டத்தைக் கண்டதும் அவராகவே வேகமாக வந்தார். "பெரியவரே, போர்டிங் குடுத்தாச்சு. தயவுசெஞ்சு யாரும் கத்த வேணாம்" என்று கும்பிட்டார்.

முருகையன் நேராகக் கண்ணாடிக்கு வந்தார். கையிலிருந்த போர்டிங் அட்டையை எங்கள் பக்கம் திருப்பிக் கண்ணாடியில் ஒட்டவைத்த மாதிரி பிடித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

வீராச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்னங்கம்மா போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க மகன் பேரு போட்டிருக்கு. அவருக்கு எடம் இருக்குன்னு போட்டிருக்கு."

அவர் மெல்லத் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். மேலாளர் பதறிப்போய்க் கையை நீட்டினார். யார் தடுத்தால் அவர் நிற்கப் போகிறார்? அந்த நிலையம் முழுக்கக் கேட்கும்படி வீராச்சாமி கூவினார்.

"முருகையன் வந்தான்! ஏத்திக்கிட்டாங்க!"